ஸ்பிரிங், சுவிட்ச், சின்ன சர்க்யூட்... வீட்டு மேஜையில் ஒரு காக்பிட்!

1920-ம் ஆண்டு. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்ற பள்ளி வயதுப் பையன், விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனான். கற்றுக்கொடுத்தது சாதாரண இடம் இல்லை. சார்லி சாப்ளினின் அண்ணன் சிட்னி சாப்ளின் நடத்திய விமான நிறுவனம். ஒரு பாடத்துக்குக் கட்டணம் 50 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. விமானம் மேலே ஏறியது, குட்டிக்கரணம் அடித்தது, சுழன்றது, தரையை உரசுவதுபோல் பறந்தது. பிறகு இறங்கியது. பணம் கட்டிய மாணவன் அந்த நேரம் முழுவதும் ஒருமுறைகூட கன்ட்ரோலைத் தொடவில்லை. தொட விடவில்லை!

அந்த ஏமாற்றத்தை லிங்க் மறக்கவே இல்லை. ஒன்பது வருடம் கழித்து, பழைய ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளை வைத்து அவர் செய்த ஒரு மரப்பெட்டிதான், இன்று உலகம் முழுக்க உள்ள ஃபிளைட் சிமுலேட்டர்களுக்கெல்லாம் தாத்தா.

நூறு வருடம் ஆகிவிட்டது. இன்று ஒரு சாதாரண கம்ப்யூட்டரில் சென்னை ஓடுபாதையில் இருந்து ‘டேக் ஆஃப்’ ஆகலாம். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் என விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஃபிளைட்கியர் என்று முழுக்க இலவசமான ஒன்றும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் 2020 பதிப்பு வந்தபோது உலகின் 37,000 விமான நிலையங்கள் அதில் இருப்பதாக அறிவித்தார்கள். மேகம், மழை, சாயங்கால வெளிச்சம் எல்லாம் நிஜம்போலவே இருக்கும்.

ஆனால், கை எங்கே இருக்கிறது? கீபோர்டில்! சக்கரத்தை இறக்க ‘ஜி’ பட்டன். மூக்கைத் தூக்க அம்புக்குறி. நூறு டன் விமானத்தை, வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ டைப் செய்வதுபோல ஓட்ட வேண்டியிருக்கிறது. லிங்க்குக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். பறக்கலாம், ஆனால் கையில் எதுவும் இல்லை.

கடையில் இதற்கென்றே ஜாய்ஸ்டிக், ஸ்டீயரிங் போன்ற யோக், கால் மிதிகள் எல்லாம் கிடைக்கின்றன. மூன்றையும் சேர்த்து நல்ல பிராண்டில் வாங்கினால், ஒரு குடும்பத்தின் மாத பட்ஜெட்டையே புரட்டிப்போடும். அதனால்தான் உலகம் முழுக்க ஒரு கூட்டம், இவற்றை வீட்டிலேயே செய்துகொள்கிறது. பிளைவுட், பிவிசி பைப், டிராயர் சேனல், ஸ்பிரிங், பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ், கூடவே ஒரு சிறிய எலெக்ட்ரானிக் போர்டு. அவ்வளவுதான் மூலப்பொருள்.

பீப்பாயில் ஆரம்பித்த கதை

‘வீட்டில் செய்த சிமுலேட்டர்’ என்றால் விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். ஆதியில் எல்லா சிமுலேட்டரும் அப்படித்தான் இருந்தன. 1910-ஐ ஒட்டி பிரான்ஸில் அன்டுவானெட் என்ற விமானத்தை ஓட்டப் பழகியவர்களுக்கு ஒரு பயிற்சிக் கருவி இருந்தது. பாதியாக அறுத்த பீப்பாய்கள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று. மேல் பீப்பாயில் மாணவர் உட்காருவார். சுற்றி நிற்கும் ஆட்கள் பீப்பாயைப் பிடித்து ஆட்டுவார்கள். மாணவர் சக்கரங்களைத் திருப்பிச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்குவதுபோல நாலு பேர் சேர்ந்து ஒரு விமானியை உருவாக்கியிருக்கிறார்கள்.

லிங்க்கின் அப்பா, நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் பியானோ, ஆர்கன் தயாரிக்கும் தொழிற்சாலை நடத்தினார். மகனுக்கு அங்கேதான் வேலை. காற்றை ஊதித் துருத்தியை விரியவும் சுருங்கவும் வைப்பது, வால்வைத் திறந்து மூடுவது, இவையெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. ‘துருத்தி சத்தம் போட மட்டும்தானா? ஒரு பெட்டியையே தூக்கி ஆட்டாதா?’ என்பதுதான் அவருக்கு வந்த யோசனை. தொழிற்சாலையின் அடித்தளத்தில் ஒன்றரை வருடம் உழைத்து, குட்டி இறக்கை வைத்த ஒரு மரப்பெட்டியைச் செய்தார். உள்ளே உட்கார்ந்து குச்சியைச் சாய்த்தால் வால்வு திறக்கும், துருத்தி விரியும், பெட்டி சாயும். 1929-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

ராணுவம் வாங்கவில்லை. விமானப் பயிற்சிப் பள்ளிகளும் அவ்வளவாக ஆர்வம் காட்டவில்லை. வாங்கியது யார் தெரியுமா? பொழுதுபோக்குப் பூங்காக்கள்! காசு போட்டால் ஆடும் ராட்டினமாகத்தான் அது முதலில் பிழைத்தது.

திருப்பம் 1934-ல் வந்தது. அமெரிக்காவில் தபால் விமான ஒப்பந்தங்களில் ஊழல் புகார் கிளம்ப, அதிபர் ரூஸ்வெல்ட் அவற்றை ரத்து செய்து, தபாலைச் சுமக்கும் வேலையை ராணுவ விமானிகளிடம் கொடுத்தார். குளிர்காலம். பனி, மூடுபனி, இரவு. வெளியே பார்த்து ஓட்டிப் பழகியவர்களுக்கு, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியவில்லை. சில வாரங்களுக்குள் ஒரு டஜன் பேர் வரை உயிரிழந்தார்கள். அப்போதுதான் ராணுவ அதிகாரிகள் லிங்க்கைக் கூப்பிட்டார்கள். நியூவார்க் விமான நிலையத்தில் சந்திப்பு. அன்றைக்கும் கடும் மூடுபனி. ‘இந்த வானிலையில் அவர் எங்கே வரப்போகிறார்?’ என்று அதிகாரிகள் கிளம்பத் தயாரானபோது, கருவிகளை மட்டும் நம்பி ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார் லிங்க். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அதே வருடம் தலா 3,500 டாலருக்கு ஆறு பெட்டிகளை ராணுவம் வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 10,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் தயாராகின. சுமார் ஐந்து லட்சம் பேர் அவற்றில் பயிற்சி பெற்றார்கள். நீல நிறப் பெட்டி என்பதால் ‘ப்ளூ பாக்ஸ்’ என்றே பெயர் நிலைத்தது.

இத்தனைக்கும் அந்தப் பெட்டியில் ஜன்னல் வழியே காட்சி எதுவும் கிடையாது. மூடியைச் சாத்திவிட்டால் கும்மிருட்டு. கண்ணுக்குக் கருவிகள், கைக்குக் குச்சி, காலுக்கு மிதி. அவ்வளவை வைத்தே ஒரு தலைமுறை விமானிகளைத் தயார் செய்ய முடிந்தது. இன்றைய கம்ப்யூட்டரிலோ காட்சி பிரமாதமாக இருக்கிறது, குச்சியும் மிதியும் இல்லை. சரியாகத் தலைகீழ்!

கம்ப்யூட்டரை ‘ஏமாற்றும்’ போர்டு

லிங்க்கிடம் துருத்தி இருந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது ஆர்டுயினோ. 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், டிசைன் படிக்கும் மாணவர்களுக்காக உருவான சின்ன போர்டு இது. (அந்த ஊரில் இதை உருவாக்கியவர்கள் போய்வந்த பாரின் பெயர்தான் போர்டுக்கும்! நம் ஊர் டீக்கடை பெயரை ஒரு கம்ப்யூட்டருக்கு வைத்ததுபோல.) வடிவமைப்பு எல்லோருக்கும் பொது என்பதால், யார் வேண்டுமானாலும் இதைத் தயாரித்து விற்கலாம். அதனால் விலை குறைவான மாற்று போர்டுகள் ஏராளம்.

இங்கே புதிதாக வருபவர்கள் ஒரு தவறு செய்வார்கள். ‘ஆர்டுயினோ’ என்றதும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ‘யூனோ’ போர்டு. அதன் பரவலான ஆர்3 மாடலின் முக்கிய சிப்புக்கு நேரடி யூஎஸ்பி வசதி இல்லை. அதனால் அது தன்னை ஜாய்ஸ்டிக்காகக் காட்டிக்கொள்ளாது. கேட்டு வாங்க வேண்டியது லியனார்டோ அல்லது புரோ மைக்ரோ. இரண்டிலும் இருப்பது ஏடிமெகா32யூ4 என்ற சிப். யூஎஸ்பி-யில் செருகியதும், ‘நான் ஒரு ஜாய்ஸ்டிக்’ என்று கம்ப்யூட்டரிடம் அதுவே அறிமுகம் செய்துகொள்ளும். அதற்கான புரோகிராம் நூலகம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. எழுத வேண்டியது இருபது, முப்பது வரிகள்தான். கோடிங் தெரியாதவர்கள்கூட உதாரணத்தைப் பார்த்து எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

போர்டுக்குள் என்ன நடக்கிறது? பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்குமே, அதன் பெயர் பொட்டென்ஷியோமீட்டர். கடைகளில் சுருக்கமாக ‘பாட்’. மூன்று கால்கள் இருக்கும். ஓரக் கால்களில் ஒன்று 5 வோல்ட்டுக்கு, இன்னொன்று கிரவுண்டுக்கு, நடுக்கால் போர்டின் அனலாக் பின்னுக்கு. குமிழைத் திருப்பினால் நடுக்காலில் வோல்ட்டேஜ் மாறும். போர்டு அதை 0 முதல் 1,023 வரை ஒரு எண்ணாகப் படிக்கும். அந்த எண்தான் சிமுலேட்டருக்குப் போய், ‘மூக்கு இவ்வளவு மேலே’ என்று மாறுகிறது.

நடுக்காலை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். அதைத் தவறுதலாக 5 வோல்ட்டுடன் இணைத்துவிட்டு, ஓரக்கால் கிரவுண்டில் இருக்கும்போது குமிழை அந்தப் பக்கம் முழுவதும் திருப்பினால், ஷார்ட் சர்க்யூட். பாட்டிலிருந்து புகை வரும்.

எல்லாம் சரியாக இணைத்து, முதல்முறை ஓட்டும்போது பலருக்கும் ஒரு குழப்பம் வரும். விமானம் வெட்டி வெட்டிப் பறக்கும். காரணம் கணக்கில் இருக்கிறது. வால்யூம் குமிழ் சுமார் 300 டிகிரி சுற்றும். அந்த 300 டிகிரிக்குத்தான் 1,024 படிகள். ஆனால் ஜாய்ஸ்டிக் குச்சி இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 20 என்று மொத்தமே 40 டிகிரிதான் சாயும். ஆக, கிடைக்கும் படிகள் சுமார் 136! அதை விரித்து முழு அளவாகக் கணக்கிடும்போது ஒவ்வொரு படியும் ஒரு குலுக்கலாகத் தெரிகிறது. தீர்வு, குச்சிக்கும் குமிழுக்கும் நடுவே பெரியதும் சிறியதுமாக இரண்டு பல்சக்கரங்களைப் போடுவது. குச்சி கொஞ்சம் சாய்ந்தாலும் குமிழ் நிறையச் சுற்றும். பழைய பிரின்டரைக் கழற்றினால் இப்படிச் சக்கரங்கள் அள்ள அள்ளக் கிடைக்கும்.

பாட்டுக்கு இன்னொரு பிரச்னையும் உண்டு. உள்ளே கார்பன் தடத்தின்மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே இருப்பதால், நாளாக நாளாகத் தேயும். பழைய ரேடியோவில் வால்யூம் திருப்பும்போது ‘கரகர’ என்று சத்தம் வருமே, அதேதான் இங்கே விமானத்தின் நடுக்கமாக வரும். அதனால் அனுபவசாலிகள் ‘ஹால் சென்சார்’ என்ற காந்தத்தை உணரும் சின்ன சிப்புக்கு மாறிவிடுகிறார்கள். அசையும் பாகத்தில் குட்டிக் காந்தம், அசையாத பாகத்தில் சென்சார். ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்பதால் தேய்மானமும் இல்லை.

கஷ்டம் கரன்ட்டில் இல்லை, கட்டையில்!

இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் எலெக்ட்ரானிக்ஸைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். உண்மையில் அது ஓரிரு வாரக் கடைசியில் முடிந்துவிடும். மாதக்கணக்கில் இழுப்பது மரவேலையும் ஸ்பிரிங்கும்தான்.

யோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு விதமாக அசைய வேண்டும். கார் ஸ்டீயரிங்போலத் திரும்பவும் வேண்டும், மேஜை டிராயர்போல முன்னும் பின்னும் நகரவும் வேண்டும். அந்த ‘டிராயர்போல’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு, மாடுலர் கிச்சனுக்குப் போடும் பால் பேரிங் டிராயர் சேனலையே பயன்படுத்துகிறார்கள். ஒரு ஜோடி சேனலின்மேல் பலகை, பலகையின்மேல் பேரிங்கில் சுழலும் பைப், பைப்பின் முனையில் கைப்பிடி. கையை விட்டதும் நடுவுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு இருபுறமும் ஸ்பிரிங். இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே பலத்தில் இல்லாவிட்டால் விமானம் ஒருபக்கமாகவே சாய்ந்து பறக்கும். ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் அரைமணியில் தோள்பட்டை வலிக்கும். தளர்வாக இருந்தால் தும்மினாலே விமானம் கவிழும். சரியான ஸ்பிரிங் கிடைக்கும்வரை ஹார்டுவேர் கடைக்கு எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கால் மிதிகள் இன்னும் சுவாரஸ்யம். விமானத்தின் இரண்டு மிதிகளும் காரில் இருப்பதுபோலத் தனித்தனி அல்ல. இடதை அழுத்தினால் வலது பின்னால் வரும். நடுவில் ஆணி அடித்த ஏற்றப்பலகை ‘சீசா’வைப் படுக்கவைத்தால் எப்படியோ அப்படி. ஒரு நீளக்கட்டை, நடுவில் ஒரு போல்ட், இரண்டு முனையிலும் மிதி, அடியில் ஒரு பாட். செய்வதற்கு எளிதானது இதுதான். ஆனால் அழுத்தும்போது மொத்தப் பலகையும் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். அதைச் சுவரோடு முட்டுக்கொடுப்பதா, நாற்காலியோடு கட்டுவதா என்பது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பஞ்சாயத்து.

செஸ்னா போன்ற சிறிய விமானங்களில் த்ராட்டில் என்பது டேஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்புக் குமிழ். உள்ளே தள்ளினால் வேகம், வெளியே இழுத்தால் மெது. அதன் பக்கத்தில் எரிபொருள் கலவைக்கான சிவப்புக் குமிழ். இதற்குச் சுழலும் பாட்டைவிட, பழைய ஆடியோ மிக்ஸரில் இருக்கும் நேராக நகரும் ஸ்லைடு பாட் பொருத்தமானது. முதல்முறை செய்கிறவர்கள் இதிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. ஸ்பிரிங் வேண்டாம், நடுநிலைக்குத் திரும்ப வேண்டாம். விட்ட இடத்தில் நின்றால் போதும்.

32 சுவிட்சுக்கு 12 ஒயர்

அடுத்து சுவிட்சுகள். விளக்கு, பம்ப், பேட்டரி, பிரேக், ரேடியோ என்று எண்ணினால் ஒரு சின்ன விமானத்துக்கே முப்பது தாண்டும். புரோ மைக்ரோ போர்டில் பயன்படுத்தக்கூடிய பின்கள் 18 தான். பிறகெப்படி?

பட்டன்களைக் கட்டம் கட்டமாக இணைக்க வேண்டும். நாலு வரிசை, எட்டு நெடுவரிசை என்று வைத்தால், 12 ஒயரில் 32 பட்டன்கள். போர்டு ஒவ்வொரு வரிசையாக, வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல, ‘யார் அழுத்தினது?’ என்று ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை கேட்டுக்கொண்டே இருக்கும். கீபோர்டுக்குள் நடப்பதும் இதுதான்.

இதில் ஒரு ‘பேய்’ உண்டு. கட்டத்தின் மூன்று மூலைகளில் உள்ள பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால், அழுத்தாத நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகப் பதிவாகும். கரன்ட் சுற்றுவழியில் பின்னோக்கிப் போய்விடுவதுதான் காரணம். விமானத்தின் சுவிட்சுகள் பட்டன்களைப்போல அழுத்திவிட்டு எடுப்பவை அல்ல. ஒருமுறை போட்டால் போட்டபடியே இருப்பவை. அதனால் பேய் அடிக்கடி வரும். ஒவ்வொரு சுவிட்சோடும் ஒரு டையோடு சேர்த்துவிட்டால் போதும். டையோடு என்பது கரன்ட்டுக்கு ஒருவழிப் பாதை. சுற்றுவழி அடைபட்டுவிடும். டையோடின் விலை ஒரு மிட்டாய் அளவுதான். ஆனால் அதைச் சேர்க்காமல் எல்லாவற்றையும் சால்டர் செய்துவிட்டு, பிறகு மொத்தத்தையும் பிரித்தவர்கள் ஏராளம்.

திசை, உயரம் போன்றவற்றை அமைக்கும் குமிழ்களுக்கு ‘ரோட்டரி என்கோடர்’. வால்யூம் குமிழ்போல இதற்கு ஆரம்பமும் முடிவும் கிடையாது. ‘டிக் டிக்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கலாம். திருச்சி ஓடுபாதையின் எண் 09. அதாவது திசைகாட்டியில் 90 டிகிரி, நேர் கிழக்கு. சென்னையின் பிரதான ஓடுபாதை 07. சென்னையில் கிளம்பி திருச்சியில் இறங்கும்போது, 070-ல் இருக்கும் எண்ணை கிளிக் கிளிக்காகத் திருப்பி 090-க்குக் கொண்டுவரும்போது கிடைக்கும் திருப்தி, மவுஸில் கிளிக் செய்யும்போது கிடைக்காது.

கைக்குக் கண் உண்டு

இதெல்லாம் வெறும் அழகுக்குத்தானா என்று கேட்பவர்களுக்கு, இரண்டாம் உலகப் போரில் ஒரு பதில் இருக்கிறது.

1943-ஐ ஒட்டி அமெரிக்க ராணுவத்தில் ஒரு விநோதமான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிவிடும். ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போது விமானி சக்கரத்தை மடக்கிவிடுவார். விமானம் வயிற்றால் தரையில் உரசும். ‘விமானியின் கவனக்குறைவு’ என்று கோப்பை மூடிக்கொண்டிருந்தார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் காக்பிட்டுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தார். சக்கரத்துக்கான சுவிட்சும், இறக்கையின் ஃபிளாப்புக்கான சுவிட்சும் அடுத்தடுத்து, அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. களைத்துப்போன விமானி, ஃபிளாப்பை ஏற்றுவதாக நினைத்துச் சக்கரத்தை ஏற்றியிருக்கிறார்!

சப்பானிஸ் சொன்ன தீர்வு ரொம்ப எளிமை. சக்கர சுவிட்சின் முனையில் குட்டி ரப்பர் சக்கரம். ஃபிளாப் சுவிட்சின் முனையில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு. பார்க்கவே வேண்டாம், தொட்டாலே தெரியும். இன்றைக்கும் பயணிகள் விமானங்களில் லேண்டிங் கியர் லீவரின் முனை சக்கர வடிவத்திலும், ஃபிளாப் லீவரின் முனை இறக்கை வடிவத்திலும் இருப்பதை விதிமுறையே கேட்கிறது.

வீட்டில் செய்கிறவர்களும் இதையே கடைப்பிடிக்கிறார்கள். பொம்மைக் காரின் டயரைக் கழற்றி கியர் லீவரில் ஒட்டுவது, அழிரப்பரைச் சீவி ஃபிளாப் குமிழ் செய்வது, 3டி பிரின்டர் வசதி உள்ளவர்கள் அப்படியே அச்சிட்டுக்கொள்வது. ஃபிளாப் லீவர் ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’ என்று நிற்க வேண்டும். அதற்குப் பிளைவுட் விளிம்பில் பள்ளம் வெட்டி, ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட ஒரு பால்ரஸ் குண்டை அதில் விழ வைக்கிறார்கள். கண் ஓடுபாதையில் இருக்கும்போது, எத்தனை ‘டக்’ என்பதைக் கை எண்ணிக்கொள்ளும். கீபோர்டின் ‘ஜி’ பட்டனுக்கும் மற்ற பல பட்டன்களுக்கும் கையால் வித்தியாசம் தெரியாது. பி-17 கதைதான்!

இதையும் தாண்டி, சிமுலேட்டரிலிருந்து தகவலை வெளியே கொண்டுவருபவர்களும் உண்டு. சக்கரம் இறங்கிவிட்டால் மூன்று பச்சை எல்இடி எரிவது, சின்ன மோட்டாரில் வேகமானியின் முள் நகர்வது போன்றவை. ‘மோபிஃப்ளைட்’ என்ற இலவச மென்பொருள் இதற்குப் பாலமாக இருக்கிறது. இதில் புரோகிராம் எழுதவே வேண்டாம். எந்தப் பின்னில் எந்த விளக்கு என்று திரையிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தெரியாமல் யூனோ வாங்கிவிட்டவர்களுக்கும் நல்ல செய்தி. இதற்கு அந்த போர்டும் போதும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும் முன்

சென்னைவாசிகளுக்கு இதற்கான எல்லாமே ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். மற்ற ஊர்களிலும் ரேடியோ, டிவி உதிரிபாகக் கடைகளில் பாட், சுவிட்ச், டையோடு, ஒயர் இருக்கும். போர்டை மட்டும் ஆன்லைனில் வாங்க வேண்டியிருக்கலாம். போர்டு சில நூறு ரூபாய். பாட்டும் சுவிட்சும் டீ, பஜ்ஜி கணக்கு. பிளைவுட்டைத் தச்சுப் பட்டறையில் மிச்சத் துண்டாகவே கேட்டு வாங்கலாம்.

ஒரே நாளில் முழு காக்பிட் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒரு த்ராட்டில் குமிழ், நாலு சுவிட்ச். முதலில் அதை பிரெட்போர்டில், சால்டர் இல்லாமல், செருகிப் பார்க்க வேண்டும். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் அமைப்பைத் திறந்தால், குமிழைத் திருப்பும்போது திரையில் கோடு நகர்வது தெரியும். அது நகர்ந்த பிறகுதான் கட்டையும் ரம்பமும்.

வீட்டில் பிள்ளைகள் இறங்கினால் பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. யூஎஸ்பி தருவது 5 வோல்ட்தான், தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் சால்டரிங் அயர்ன் 300 டிகிரிக்கு மேல் சூடாகும். காரீயம் கலந்த சால்டர் என்றால் முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். முக்கியமாக, 230 வோல்ட் வீட்டு கரன்ட் இந்த வேலையில் எங்கேயும் வரக் கூடாது. மோட்டார்கள் நிறைய வைத்தால் யூஎஸ்பி கரன்ட் போதாமல் போர்டு அணைந்து அணைந்து எரியும். அப்போது தரமான தனி 5 வோல்ட் அடாப்டர் வாங்குங்கள், பழைய சார்ஜரைப் பிரிக்க வேண்டாம். அடாப்டரின் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் இணைக்க மறந்தால் எதுவும் ஒழுங்காக வேலை செய்யாது.

பைலட் ஆகிவிடலாமா?

மேஜையில் காக்பிட் வந்ததும் எல்லா வீட்டிலும் வரும் கேள்வி இது. இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்குப் பல லட்சங்கள் ஆகும். வீட்டு சிமுலேட்டரில் ஓட்டிய ஒரு நிமிடம்கூட அந்தக் கணக்கில் சேராது. அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டர்கள் வேறு. அவற்றின் விலை கோடிகளில்.

வீட்டு யோக்கின் ஸ்பிரிங், எந்த வேகத்திலும் ஒரே பலத்தில்தான் கையைத் தள்ளும். கேபிளால் இயங்கும் நிஜமான சிறிய விமானத்தில் வேகம் கூடக் கூட கன்ட்ரோல் இறுகும். வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் தொளதொளவென்று ஆகிவிடும். அந்தத் தொளதொளப்பே ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிங்குக்கு அது தெரியாது. சிமுலேட்டரில் நிறையப் பழகிவிட்டு வரும் மாணவர்கள், வெளியே அடிவானத்தைப் பார்க்காமல் கருவிகளையே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை.

ஆனாலும் சில விஷயங்கள் நிஜமாகவே கைக்கு வந்துவிடும். தரையிறங்குவதற்கு முன் எந்த வரிசையில் எந்த லீவர், எந்தக் குமிழ் என்பது மனப்பாடமாக இல்லாமல் பழக்கமாகவே வரும். இடதுகை யோக்கில், வலதுகை த்ராட்டிலில், கால் மிதியில் என்று மூன்றும் சேர்ந்து இயங்குவதும் அப்படித்தான். லட்சங்களைக் கட்டிச் சேர்வதற்கு முன்பே, இது தனக்கு ஒத்துவருமா, நாலு மணி நேரம் உட்கார்ந்தால் சலிக்குமா என்பதும் தெரிந்துவிடும்.

போர் விமானி ஆக ஆசைப்பட்டு, டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார் ஒரு ராமேஸ்வரத்து இளைஞர். கலந்துகொண்ட 25 பேரில் ஒன்பதாவது இடம். எடுத்துக்கொண்டதோ எட்டுப் பேரை. அப்துல் கலாமுக்கே ஓர் இடத்தில் தவறிய இருக்கை அது. பார்வை, உயரம், வயது, பணம் என்று ஏதோ ஒன்றில் அந்த இருக்கையைத் தவறவிட்டவர்கள் எத்தனையோ பேர். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களில் பணி ஓய்வுக்குப் பிறகு ஆரம்பித்தவர்களும் உண்டு. பள்ளி மாணவர்களும் உண்டு. பாதிப் பேருக்கு ஓட்டுவதைவிடச் செய்வதுதான் பிடித்திருக்கிறது. மூன்று வருடமாகக் காக்பிட் கட்டி, இன்னும் முழுதாக ஒரு பயணம்கூடப் போகாதவர்களை அங்கே யாரும் கேலி செய்வதில்லை.

த்ராட்டிலும் மிதியும் தயாரானவர்கள் முதல் பயணத்துக்கு ஊரைத் தேடினால், நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த விமான நிலையத்துக்கு இன்று எட்வின் லிங்க் பெயர்தான். நீண்ட ஓடுபாதையின் எண் 16, மறுமுனையில் 34. மேகத்தையும் மூடுபனியையும் மெனுவில் கூட்டிக்கொண்டால் 1934 நியூவார்க்கின் வாடை கொஞ்சம் கிடைக்கும். வயிற்றால் இறங்கிவிடுவோமோ என்று பயப்படுபவர்கள் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதில் கியர் லீவரே கிடையாது. சக்கரங்கள் எப்போதும் இறங்கியபடியேதான் இருக்கும்.